கோட்டிலை கலியாண எழுத்து

"மகளின்ரை கலியாண எழுத்து கோட்டிலை" எண்டு ரெலிபோனிலை சொன்னதுதான், அண்ணை குரலைத் தாழ்த்தினார். மெல்லக் கேட்டார்: "என்ன பிள்ளை, பெட்டை ஓடிட்டாளோ?"

எனக்கு வந்ததே ஒரு கோவம்! "ஆர் ஓடினது? அவள் உள்ளுக்கை இருந்து கேக் சாப்பிடுறாள்" எண்டு கத்தினன். "அப்ப ஏன் கோட்டிலை? சொல்லு, நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்" எண்டார். பின்னேரத்துக்கிடையிலை கனடா ஸ்காபரோவிலை இருக்கிற எங்கட சனத்திலை பாதிப் பேருக்குக் கதை போயிட்டுது. மரக்கறிக் கடையுக்கை ஒரு அன்ரி என்ரை கையைப் பிடிச்சு, "கவலைப்படாதேங்கோ, இப்ப எல்லா வீட்டிலையும் உப்பிடித்தான்" எண்டு ஆறுதல் சொன்னா. என்ரை மற்றக் கையிலை முருங்கைக்காய் இருந்தது. நான் பொறுத்துக்கொண்டது பெரிய விசயம்.

எங்கட சனத்துக்கு நீதிமன்றம் எண்டா கோடு, கலியாணப் பதிவு எண்டா எழுத்து. கோட்டிலை கலியாணம் எண்டா, தாய்தேப்பனுக்குத் தெரியாமல் ரெண்டு பேர் போய்க் களவாய்க் கையெழுத்து வைக்கிறது. எங்கட வீட்டிலை அந்தச் சொல்லையே எடுக்கேலாது. அப்பா ஊரிலை ஒரு வேலிச் சண்டையிலை பக்கத்து வீட்டுக்காரனோடை வழக்காடி, அரைவாசி ஆயுளைக் கோட்டு வாசலிலை விட்டவர். அண்ணையைச் சின்ன வயதிலை சாட்சிக் கூட்டிலை ஏத்தினவை. எதிர்ப்பக்கத்துக்கு வழக்குப் பேசின அப்புக்காத்து துருவித் துருவிக் கேட்க, பாவம், வாய் கட்டி அழுதுகொண்டு இறங்கினவர். அண்டையிலை இருந்து கோடு எண்டா மனுசனுக்கு நடுக்கம். இஞ்சை அநியாயமாய் ஒரு பாக்கிங் ரிக்கெற் வந்தாலும் வழக்குப் பேசாமல் தண்டக் காசைக் கட்டிப்போட்டு வருவார்.

மகளின்ரை கோடு வேறை. பிக்கரிங்குக்கு அங்காலை, முந்தி ஒரு மாவட்டம் முழுக்கத்துக்கும் தலைமைக் கோடாய் இருந்த செங்கல் கட்டடம். கமக்காரர் குதிரை வண்டிலிலை வந்து காணி வழக்கும் மாட்டு வழக்கும் பேசின இடம். புதுக் கோடு வந்தவுடனை இதை அரசாங்க அலுவல் பாக்கிற கந்தோராக்கி, பிறகு உடைஞ்ச மேசை கதிரை அடுக்கி, கடைசியிலை புறாவுக்கு விட்டிட்டினம். பழைய கட்டடங்களைத் திருத்திற கொம்பனி ஒண்டிலை மகளுக்கு வேலை. இது அவளின்ரை பொறுப்பிலை வந்தது. அதுக்குப் பிறகு எங்கட சாப்பாட்டு மேசையிலை வேறை கதையே இல்லை. சுண்ணாம்புச் சாந்து எப்பிடிக் குழைக்கிறது, சீமெந்து பூசினா பழைய செங்கல் ஏன் வெடிக்குது, உதுதான். "உன்ரை சீமெந்து கிடக்கட்டும், சோறு ஆறுது" எண்டு பேசுவன்.

ஒருநாள் என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். வழக்குப் பேசிற மண்டபத்திலை பிற்காலத்திலை ஆரோ அடிச்சு வைச்ச தட்டைச் சீலிங்கைக் கழட்டிக்கொண்டிருந்தவை. அது துண்டு துண்டாய் இறங்க இறங்க, மறைஞ்சு கிடந்த யன்னல் வளைவுகள் வெளியிலை வந்துது. அதுக்கும் மேலை, சாந்திலை செய்த பூவும் இலையுமாய் உண்மையான முகடு. வெளிச்சம் எண்டா அப்பிடி ஒரு வெளிச்சம்! மகள் முகம் முழுக்கத் தூசியோடை நிண்டு துள்ளினாள். எனக்கு முழங்கால் வருத்தம், எண்டாலும் நானும் சேர்ந்து துள்ளினன்.

மாப்பிள்ளைப் பொடியன் மன்னார்க் கத்தோலிக்கக் குடும்பம். கோயிலோ தேவாலயமோ எண்டு ரெண்டு பகுதிக்கும் இழுபறி. "ரெண்டும் பிறகு வைப்பம். முதல் எழுத்து என்ரை கோட்டிலை" எண்டு மகள் ஒரே போடாய்ப் போட, எல்லாரும் தலையாட்டிச்சினம். ஆனா சாட்சிக் கையெழுத்து மாமாதான் வைக்கவேணுமாம். நான் ஷிவ்ற் வேலைக்கு ஓடின காலத்திலை அவளைப் பள்ளிக்கூடத்தாலை கூட்டிவந்து, தலைமயிர் இழுத்துப் பின்னி, சோறு தீத்தி வளத்தது அண்ணைதான். "மாமா வராட்டி நான் கையெழுத்து வைக்கமாட்டன் அம்மா" எண்டாள். சொன்னா சொன்னதுதான், அவள் என்ரை பிள்ளை.

அண்ணை வீட்டை போனன். "கோட்டிலை, அதுவும் சாட்சி! நல்லாய்த்தான் கண்டுபிடிச்சியள்" எண்டார்.

"அண்ணை, உது இப்ப கோடில்லை, விழாக்களுக்கு விடுற மண்டபம்."

"கோடு கோடுதான். கோயிலிலை வையுங்கோ, வாறன். தேவாலயத்திலை வையுங்கோ, வந்து முழங்காலிலையும் நிக்கிறன்."

"உங்கட பிடிவாதத்தாலை பிள்ளையின்ரை மனத்தை உடைக்கப் போறியள்" எண்டு கத்திப்போட்டுக் கதவை அடிச்சுச் சாத்தினன். பிறகு காருக்கை இருந்து அழுதன்.

அடுத்தது மகள் போனாள். பதமாய்க் கதைச்சுக் கூட்டிவருவாள் எண்டு பாத்தா, அவர் "அந்தச் சாட்சிக் கூடு இன்னும் இருக்கோ?" எண்டு கேட்க, "இருக்கு மாமா, நான்தான் பழைய பெயின்ற் எல்லாம் சுரண்டிப் பொலிஷ் பண்ணினனான், சூப்பராய் இருக்கு" எண்டிருக்கிறாள். விசரி! அதோடை அண்ணை ரெலிபோன் எடுக்கிறதையும் விட்டிட்டார்.

எழுத்து நாள் மண்டபம் நிறையச் சனம். ஓடிப்போய்க் கட்டுறாள் எண்டு கதைச்ச வாயெல்லாம் முகட்டைப் பாத்து ஆவெண்டு திறந்தபடி. பதிவு செய்ய வந்த வெள்ளைக்கார அம்மா மணிக்கூட்டைப் பாக்கிறா. மகள் கூறைச் சீலையோடை வாசலைப் பாக்கிறாள்.

அப்பதான் கதவு மெல்லத் திறந்துது. அண்ணை! சூற்றும் சப்பாத்துமாய் வந்து, வாசலிலை நிண்டு, ஒருத்தரும் இல்லாத நீதவான் கதிரைக்குக் குனிஞ்சு ஒரு கும்பிடு போட்டார். பிறகு சத்தமில்லாமல் நடந்து கடைசி வாங்கிலை குந்தினார். மகளின்ரை முகம் மலர்ந்ததைப் பாக்கவேணும்.

பதிவு தொடங்கிச்சுது. இந்தக் கலியாணத்துக்கு ஆருக்கும் ஆட்சேபனை இருந்தா இப்ப சொல்லலாம் எண்டு அந்த அம்மா இங்கிலிசிலை கேட்டா. சும்மா முறைக்குக் கேக்கிறது, ஒருத்தரும் மறுமொழி சொல்லுறேல்லை. அண்ணை எழும்பினார்.

சம்பந்தியம்மாவின்ரை கை செபமாலையைத் தேடுது. "ஐயோ அண்ணை, இருங்கோ" எண்டு நான் பல்லைக் கடிச்சன். மனுசன் கேட்டால்தானே! கோட்டிலை கேள்வி கேட்டா, மறுமொழி சொல்லவேணும் எண்டது அவரின்ரை எண்ணம். சூற் பொத்தானைப் பூட்டிக்கொண்டு, நடுவாலை நடந்துபோய், நேரை அந்தச் சாட்சிக் கூட்டிலை ஏறினார்.

"நோ ஒப்ஜெக்ஷன், மை லோர்ட்" எண்டார், அந்த அம்மாவைப் பாத்து. கை ரெண்டும் கூட்டுப் பலகையை இறுக்கிப் பிடிச்சபடி. அதோடை இங்கிலிசு முடிஞ்சுபோச்சு. மிச்சத்தைத் தமிழிலை சொன்னார்: "நான் இவளின்ரை மாமன். பிறந்த நாள் தொடக்கம் தெரியும். நல்ல பிள்ளை. நான் சொல்லுறது சத்தியம்."

மகள் சீலையைத் தூக்கிக்கொண்டு கூட்டுக்கு ஓடினாள். ரெண்டு பேரும் கட்டிப்பிடிச்சு அழுகினம், சனம் கை தட்டுது, ஆரோ விசிலும் அடிச்சினம். அவர் என்ன சொன்னவர் எண்டு அந்த அம்மா என்னைக் கேட்டா. வாய்க்காரி நான் அண்டைக்கு மாப்பிள்ளையைக் கைகாட்டி விட்டன்.

மாப்பிள்ளைதான் கண்ணைத் துடைச்சுக்கொண்டு மறுமொழி சொன்னவர்: "ஹீ செட் யெஸ்."