ஊன்ற முடியாத கால்

எனக்கு எட்டு வயதிருக்கும்போது ஒரு நாள் காலையில் காலை ஊன்ற முடியவில்லை. பள்ளிக்கு மட்டம் போட நான் நடத்தும் நாடகம் என்று அம்மா நினைத்தார். அதற்கு முன் அப்படி நடத்தியவள்தான் நான். "நடிக்காத லா, எழுந்திரு," என்று மலாய்ப் பேச்சின் 'லா' சேர்த்துச் சொல்லி, கையைப் பிடித்துத் தூக்கினார். நான் போட்ட அலறலில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது.

அப்பாவை நாங்கள் அத்தா என்போம். ஜார்ஜ் டவுனில் அத்தாவுக்கு நாசி கண்டார் கடை, சோற்றின்மேல் பல கறிகளை ஊற்றித் தரும் மலாய் நாட்டுச் சாப்பாட்டுக் கடை. அவர் வைக்கும் மீன் கறிக்கும் வெண்டைக்காய்க்கும் ஊரே வரிசையில் நிற்கும். நானோ வெள்ளைச் சோற்றில் கிச்சாப் என்னும் சோயா சாஸை ஊற்றி, பொரித்த முட்டையோடு தின்பேன். காய், பழம் என்று எதை வைத்தாலும் குமட்டிக் காட்டுவேன். ஏதோ வயிறு நிறைந்தால் சரி என்று அம்மாவும் விட்டுவிட்டார்.

மருத்துவமனையில் டாக்டரம்மா என் காலிலிருந்த ஊதாப் புள்ளிகளைப் பார்த்தார். ஈறை அழுத்தினார், ரத்தம் கசிந்தது. வீட்டில் என்ன சாப்பிடுகிறாள் என்று மலாயில் கேட்டார். எல்லாமே சாப்பிடுவாள் என்றார் அம்மா.

"பொய்! சோறு, கிச்சாப், முட்டை. அவ்வளவுதான்," என்றேன் நான், பெருமையாக.

ரத்தத்தைச் சோதித்துவிட்டு, டாக்டரம்மா வைட்டமின் சி அறவே இல்லை என்றார். சோறு பசியைத்தான் ஆற்றுமாம். தசையையும் ஈறையும் ரத்தக்குழாயையும் இறுக்கிப் பிடிக்கும் பசையை உடம்பு செய்துகொள்ள இந்தச் சத்து துளியாவது வேண்டுமாம். ஆடு அதைத் தன் உடம்பிலேயே உண்டாக்கிக்கொள்ளும், மனிதருக்குச் சாப்பாட்டில்தான் வரவேண்டும் என்றார்.

"அப்ப நான் ஆடா பொறந்திருக்கலாம்."

"ஆடு தழை திங்கும்மா. நீ அதுவும் திங்கமாட்ட," என்றார் அத்தா.

திரும்பும்போது காரில் அம்மா ஜன்னல் பக்கமே முகத்தை வைத்திருந்தார். பொய் சொல்லி மாட்டிக்கொண்ட வெட்கம் என்று நினைத்தேன்.

விடிந்தது முதல் இரவு வரை கடையிலேயே இருக்கும் அத்தா, மறுநாள் மதியம் வீட்டில் இருந்தார். கொய்யாப்பழத்தை நறுக்கி, எனக்கொரு துண்டு, தனக்கொரு துண்டு என்று வைத்தார். அவர் மென்றதும் நான் மெல்ல வேண்டும். குமட்டினால் காத்திருந்தார், திட்டவில்லை. மாத்திரையும் பழமுமாக ஒரு வாரத்தில் சுவரைப் பிடித்து நடந்தேன், பிறகு பிடிக்காமல் நடந்தேன். அந்த வாரம் முழுக்க அத்தா மதியச் சோற்றை எங்களோடு உட்கார்ந்துதான் சாப்பிட்டார். அதற்கு முன் அவர் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை.

கடைக்கு ஏதோ விடுமுறை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.