கரண்ட் நின்றும் விடாத காந்தம்

முதல் நாள் வாங்கிய உதை

கள்ளக்குறிச்சிக்குப் பக்கத்தில் ஒரு கரும்பு ஆலையில் எலக்ட்ரிக்கல் ஹெல்பராகச் சேர்ந்த முதல் நாளே நான் உதை வாங்கினேன். உதைத்தது அதிகாரி அல்ல, டார்ச் பேட்டரி.

போர்மேன் கலியமூர்த்தி அண்ணன் கம்பி சுற்றிய ஒரு பழைய காயிலின் இரண்டு முனைகளையும் என் இரண்டு கைகளில் கொடுத்தார். அதே முனைகளில் இரண்டு டார்ச் கட்டைகளை இணைத்தார்.

"இன்னாடா, ஷாக் அடிக்குதா?"

"இல்லண்ணே. டார்ச் கட்டை எங்க அடிக்கும்?"

"அப்ப சரி" என்று சொல்லி பேட்டரியைப் பிடுங்கினார். பிடுங்கிய நொடியில் இரண்டு கையையும் யாரோ வெடுக்கென்று இழுத்த மாதிரி இருந்தது. காயிலைத் தூக்கி எறிந்துவிட்டு நான் இரண்டடி பின்னால் போய் நின்றேன். ஒர்க்‌ஷாப்பே சிரித்தது. புதிதாக வருகிறவனுக்கு அங்கே அப்படித்தான் வரவேற்பு.

"கரண்ட குடுத்தா காயிலு காந்தமாவுது. கரண்ட புடுங்கினா அந்தக் காந்தம் சும்மா போவாது. போவும்போது மறுபடி கரண்டா மாறி உதைச்சுட்டுத்தான் போவும். இது சின்னது, செல்லமா தட்டிச்சு. தோ, மேல தொங்கறானே, அவன் உதைச்சா உங்க வூட்டுக்கு ஆளனுப்பணும்" என்றார் அண்ணன்.

கோபித்துக்கொண்டு கிளம்பும் மாப்பிள்ளை கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போவது மாதிரி என்று நான் புரிந்துகொண்டேன். பாலிடெக்னிக்கில் இதே விஷயத்தைப் பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். கைக்குப் புரிந்தது அன்றைக்குத்தான்.

மேலே தொங்கியவன்

ஆலைகளில் வேலை பார்க்காதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். கரும்பு முதலில் சுழலும் கத்திகளில் சீவப்படும். சீவிய கரும்பு ஒரு பெல்ட்டில் படுக்கை விரித்த மாதிரி பரவிப் போகும். அடுத்தது ரோலர்கள். அங்கே போனால் சாறு ஒரு பக்கம், சக்கை ஒரு பக்கம். கரும்போடு ஒரு இரும்புத் துண்டு போனால் ரோலர் பல் பெயர்ந்து ஆலையே நின்றுவிடும். அதனால் பெல்ட்டுக்கு மேலே ஒரு கட்டில் அளவுக்குப் பெரிய காந்தம் சங்கிலியில் தொங்கும்.

இது பிறவிக் காந்தம் அல்ல. இரும்புக் கட்டையைச் சுற்றிச் செப்புக் கம்பி. கரண்ட் விட்டால் காந்தம், நிறுத்தினால் வெறும் இரும்பு. ஆலையில் ஓடுவது ஏ.சி. அதை அப்படியே கொடுத்தால் காந்தம் வடக்கும் தெற்குமாக மாறிமாறி உறுமுமே தவிர உருப்படியாக எதையும் பிடிக்காது. ரெக்டிபையர் பேனலில் டி.சி.யாக்கிக் கொடுக்க வேண்டும். அந்தப் பேனலும் காந்தமும் பின்னாளில் என் பொறுப்புக்கு வந்தன. காந்தத்தை நாங்கள் 'நம்ம ஆளு' என்றே சொல்வோம்.

நம்ம ஆளு பிடிக்காதது கிடையாது. வண்டிக் கடையாணி, மாட்டு லாடம், சைக்கிள் செயின், கரும்பு வெட்டுகிற கத்தி எல்லாம் மாட்டும். அவ்வப்போது காந்தத்தை, மேல் தண்டவாளத்தில் ஓடும் தள்ளுவண்டியோடு பெல்ட்டுக்கு வெளியே இழுத்துவந்து, கரண்டை நிறுத்துவோம். பிடித்ததெல்லாம் கீழே இருக்கிற தட்டில் கொட்டும். கத்தியைத் தொலைத்தவர்கள் கேட்டில் வந்து நிற்பார்கள். "எங்களுத மாட்டிக்கிச்சா?" என்பார்கள்.

ஒரு ஆயுத பூஜைக்கு நம்ம ஆளுக்குச் சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் போட்டோம். கலியமூர்த்தி அண்ணன் சூடத்தட்டோடு கீழே நின்று மணியை ஆட்டுகிறார், சத்தமே வரவில்லை. மறுபடி ஆட்டுகிறார். மணி பித்தளை. உள்ளே இருக்கிற நாக்கு இரும்பு. கரண்டை ஆஃப் செய்ய மறந்திருந்தார்கள், நாக்கு மேல்பக்கமாக இழுபட்டு ஒட்டிக்கொண்டு கிடந்தது. "சாமிக்கு மணி புடிக்கல, சூடத்த மட்டும் காட்டு" என்று யாரோ கத்தினார்கள்.

அதுதான் நம்ம ஆளின் குணம். பித்தளை, செம்பு, வெள்ளி, தங்கம் எதையும் திரும்பிப் பார்க்க மாட்டான். இரும்பு என்றால் மட்டும் பாய்வான். வெள்ளி அரைஞாண் போச்சு, பித்தளைச் சொம்பு போச்சு என்று வந்தவர்களை நான் கையை விரித்து அனுப்பியிருக்கிறேன்.

நைனார்பாளையத்து லோடு

ஒரு பங்குனி மதியம். கல்வராயன் மலை வெயிலில் மங்கித் தெரிந்தது. ஒரு புருஷனும் பொண்டாட்டியும் வாட்ச்மேனைத் தாண்டி ஓடிவந்தார்கள். மலையிலிருந்து இறங்கி நைனார்பாளையத்தில் கரும்பு வெட்டிக்கொண்டிருந்த ஆட்கள். அவன் பெயர் தீர்த்தான். அவள் சின்னப்பொண்ணு. அவர்கள் வெட்டி ஏற்றிய லோடு முன்னால் வந்துவிட்டது. இவர்கள் இன்னொரு லாரியில் தொற்றிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

"தாலி கரும்போட போயிடுச்சிங்க" என்றாள் சின்னப்பொண்ணு. மூச்சு வாங்கியது. "கட்டு தூக்கி லோடு ஏத்தறப்ப கயிறு அறுந்திருக்குது. காடெல்லாம் தேடிட்டோம். வண்டியிலதான் போயிருக்குணும்."

அந்த லோடு அப்போதுதான் கிரேனில் இறங்கி, கரும்பை உள்ளே தள்ளுகிற மேடையில் கிடந்தது. ஓடுகிற மேடையில் ஏறித் தேட முடியாது. ஏறினால் ஆளும் கரும்போடு போக வேண்டியதுதான். கத்தியைத் தாண்டிவிட்டால் அடுத்தது ரோலர். அங்கே போனால் பொட்டுத் தங்கம் சக்கையோடு பாய்லர் அடுப்புக்குப் போய்விடும். தங்கம் என்பதால் நம்ம ஆளும் கண்டுகொள்ள மாட்டான். இதை அவளிடம் எப்படியும் சொல்லியாக வேண்டும்.

அதற்குள் தீர்த்தான் ஆரம்பித்தான். "கொத்தா ஊக்க கோத்து மாட்டிகினு திரிஞ்சா கயிறு தேயாம இன்னா செய்யும்? எத்தினி வாட்டி சொன்னேன்? கேட்டாளா?"

"முள்ளு குத்துனா இன்னாத்த வச்சி எடுக்கறது? உன் கால்ல குத்துனாலும் என் ஊக்கத்தான கேக்கற?"

ஊக்கு என்ற சொல் என் காதில் விழுந்தது. நம்மூர்ப் பெண்கள் தாலிக்கயிற்றில் ஊக்கு மாட்டிக்கொள்வது யாருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் வெள்ளி போச்சு, தங்கம் போச்சு என்று வந்தவர்களிடம், அதோடு சேர்ந்து வேறு என்ன இருந்தது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

"ஏம்மா, ஊக்கு பித்தளையா இரும்பா?"

அவள் என்னை எரித்துவிடுவது போலப் பார்த்தாள். "எனுக்கு இன்னா தெரியும்? கடையில குடுத்தத மாட்டிகினேன்."

"துருப் புடிக்குமா?"

"துருவா? ரவிக்கையெல்லாம் கறை. எவ்ளோ தொவைச்சாலும் போவாது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கலியமூர்த்தி அண்ணன் என் தோளைப் பிடித்து உலுக்கினார். "அந்தம்மா தாலி போச்சின்னு நிக்குது. நீ துருன்னதும் சிரிக்கிற. மரை கழண்டுச்சாடா?"

"இரும்புண்ணே! இரும்பு ஊக்கு! நம்ம ஆளு ஊக்கப் புடிச்சா தாலியும் கூடவே வரும்!"

ஷிப்ட் இன்ஜினீயரிடம் ஓடினோம். மில் நிற்பதைவிடத் தன் மூச்சு நிற்பது மேல் என்று நினைக்கிற மனிதர். கேட்டுவிட்டு ஓடுகிற பெல்ட்டைப் பார்த்தார். "நிறுத்த முடியாது. ஆனா பெல்ட்ட ஸ்லோ பண்றேன். மேக்னெட் எப்படி இருக்கு?"

அங்கேதான் சிக்கல். காலையிலிருந்து ஓடி, வெயிலும் சேர்ந்து, காயில் தொட முடியாத சூட்டில் இருந்தது. காயில் சூடானால் அதில் ஓடும் கரண்ட் கம்மியாகும். கரண்ட் கம்மியானால் இழுப்பும் கம்மி. நான் பேனலில் வோல்டேஜைக் கூட்டப் போனேன். இன்ஜினீயர் கையைப் பிடித்துவிட்டார்.

"காயில் புகைஞ்சா நம்ம ரெண்டு பேர் வேலையும் சேர்ந்து புகையும். கரண்டத் தொடாதே. மேக்னெட்டக் கீழ இறக்கு. கேப் கம்மியானா இழுப்பு தானா ஜாஸ்தியாகும்."

அவர் சொன்னது சரி. எனக்குத் தோன்றவில்லையே என்று எரிச்சலாகத்தான் இருந்தது. செயின் பிளாக்கின் தூக்குச் சங்கிலியை இழுத்து, கரும்பை உரசிவிடாத அளவுக்குக் காந்தத்தை இறக்கினோம். கரும்பு எங்கே மேடாக வந்தாலும் முன்னாலேயே தட்டி மட்டப்படுத்த அண்ணன் ஒரு மூங்கில் கழியோடு நின்றார்.

லோடு வந்தது. ஆலைச் சத்தத்தில் சின்னச் சத்தம் எதுவும் கேட்காது. கண்தான் பார்க்க வேண்டும். ஏதோ ஒன்று கரும்பிலிருந்து துள்ளி மேலே போனது. சின்னப்பொண்ணு கத்தியே விட்டாள். அது லாடம். அடுத்து துள்ளியது ஆணி. அதற்கடுத்து பாதிக் கத்தி. ஒவ்வொன்றுக்கும் எல்லாரும் சேர்ந்து "ஆ" என்போம், சேர்ந்து வாயை மூடுவோம். கரும்பு நார் வேறு பறந்து காந்தத்தின் அடிப்பக்கம் ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. லோடு முடிந்தது. அடுத்த ஊர்க் கரும்பு வர ஆரம்பிப்பதற்குள் பெல்ட்டை வெறுமையாக ஓடவிட்டு, காந்தத்தை வெளியே தள்ளிவந்து, கரண்டை நிறுத்தினேன்.

லாடம் விழுந்தது. ஆணி விழுந்தது. பாதிக் கத்தி விழுந்தது. தட்டைக் கிளறினோம். தாலி இல்லை.

தீர்த்தான் அப்படியே குந்திவிட்டான். அவன் திட்டிக்கொண்டே இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். இன்ஜினீயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நாங்கள் ஆண்கள் அத்தனை பேரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

சின்னப்பொண்ணு மட்டும் மேலே பார்த்தாள். திட்டுவதற்காகத்தான் பார்த்தாள்.

"ஊரான் வூட்டு லாடத்தயெல்லாம் குடுத்துட்ட, என்னுத மட்டும் முழுங்கிட்டியேடா! நீ நல்லா இருப்பியாடா, நீ..." என்றவள் பாதியில் நின்றாள். "தோ! தோ பாருங்க! தொங்குதுங்க!"

காந்தத்தின் அடியில், ஓரத்தில், நாரோடு நாராக ஊக்குகள் ஒரு கொத்தாக ஒட்டிக்கொண்டிருந்தன. அதன் நடுவில் பொட்டுத் தாலி.

கரண்டை நிறுத்தினால் காந்தம் போய்விடும் என்று நான் மேலே எழுதியது முழு உண்மை இல்லை. இரும்புக்குள் கொஞ்சம் காந்தம் தங்கிவிடும். லாடத்தைத் தாங்க அது போதாது. ஊக்கைத் தாங்கத் தாராளமாகப் போதும். ஷிப்ட் முடிவில் துடைப்பத்தால் தட்டுவோம். அன்றைக்கும் தட்டியிருப்போம், தாலி குப்பையோடு போயிருக்கும்.

அவளே ஸ்டூலில் ஏறிப் பிய்த்து எடுத்தாள். கயிறு நார்நாராகி இருந்தது. ஒரு ஊக்கு வளைந்திருந்தது. பொட்டு ஒரு பக்கம் லேசாக நசுங்கியிருந்தது, அவ்வளவுதான். எனக்கு அழுகை வந்தது. சக்கைத் தூசி கண்ணில் விழுந்துவிட்டது என்று நான் சொல்லப் போவதில்லை, அழுதேன்.

காயில் கட்டுகிற நூல்

வெறுங்கழுத்தோடு வாசலைத் தாண்ட மாட்டேன் என்றாள் சின்னப்பொண்ணு. கயிற்றுக்கு எங்கே போவது? கலியமூர்த்தி அண்ணன் ஒர்க்‌ஷாப்புக்குப் போய், மோட்டார் காயில் கட்டுகிற பருத்தி நூலை முறுக்கிக் கொண்டுவந்தார். கேன்டீனிலிருந்து மஞ்சள் தூளும் தண்ணீரும் வந்தன. அவரே தேய்த்துக் கயிறாக்கினார். "இந்த நூலு மோட்டார் சூட்டுக்கே அசையாதும்மா" என்றார்.

ஊக்குகளை என் கையில் கொடுத்துவிட்டு, தாலியை மட்டும் கோத்து, காந்தத்துக்குக் கீழேயே கட்டப் போனான் தீர்த்தான். "யோவ், தள்ளி வாய்யா! அடுத்த லோடுக்குக் கரண்ட் போடணும். போட்டா இந்த ஊக்கெல்லாம் மறுபடி மேல போயிடும்!" என்று நான் கத்தினேன். பேனல் ரூம் வாசலுக்கு வந்து கட்டினான். அவன் முடிச்சுப் போடுகிற வரைக்கும் இன்ஜினீயர் பெல்ட்டை நிறுத்தியே வைத்திருந்தார். யாரும் கேட்கவில்லை, அவராகத்தான் செய்தார். முடிச்சு விழுந்ததும் "ம், ஓட்டு" என்று எரிந்து விழுந்தார்.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியது இரண்டு. தொலைந்தது என்ன என்று கேட்பதோடு விடாதீர்கள், அதோடு கூட என்ன இருந்தது என்றும் கேளுங்கள். ஸ்விட்சை ஆஃப் செய்துவிட்டோம் என்பதற்காகக் கீழேயே தேடிக்கொண்டிருக்காதீர்கள், தலையைத் தூக்கி மேலேயும் ஒருமுறை பாருங்கள். நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்.

தீர்த்தான் கற்றுக்கொண்டது வேறு. ஊக்குகள் எல்லாம் என் உள்ளங்கையில் இருந்தன. சின்னப்பொண்ணு அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, புருஷன் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டே, புதுக் கயிற்றில் மாட்டினாள். வளைந்துபோன ஊக்கைக்கூட விடவில்லை, பல்லால் கடித்து நிமிர்த்தி மாட்டினாள். தீர்த்தான் ஏதோ சொல்ல வந்தான். மேலே தொங்குகிற நம்ம ஆளை ஒருமுறை பார்த்தான்.

"போவும்போது சின்னசேலத்துல எறங்கி, இன்னும் ஒரு அட்டை ஊக்கு வாங்கிக்கலாம்மே" என்றான்.