ஜன்னல் வழியாக விழுந்த துண்டு

ஹெல்சிங்கியில் டிராம் ஏறத் தொடங்கிய முதல் வாரமே எனக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. என் பக்கத்து இருக்கை காலியாகவே இருக்கும். ஏறுகிறவர்கள் அதைப் பார்ப்பார்கள், பிறகு கம்பியைப் பிடித்து நின்றுகொள்வார்கள். சட்டையை மோந்து பார்த்தேன். சோப்பை மாற்றினேன். சாம்பார் வைப்பதைக்கூட ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப்போட்டேன். அப்புறம்தான் கவனித்தேன், அவர்களுக்குள்ளும் அப்படித்தான். இன்னொருவர் பக்கத்தில் போய் உட்காருவது அவருக்குத் தொந்தரவு என்று நினைக்கிற மரியாதை அது. குறை சொல்லவில்லை. ஆனால் வெளிநாட்டில் இருக்கிற நம் ஆட்களுக்குத் தெரியும், சில மரியாதைகளைத் தாங்கிக்கொள்வது கஷ்டம். இரண்டு பேர் இருக்கையில் மூன்றாவதாக ஒருவர் 'செத்த நகருங்க' என்று ஒட்டிக்கொள்கிற பேருந்துகளில் வளர்ந்தவன் நான். அப்போது எரிச்சலூட்டிய அந்த முழங்கை இடிக்கு இப்போது ஏங்குகிறேன் என்றால் சிரிப்பீர்கள்.

கைபேசியில் ஆடுகிற விளையாட்டுகளை வடிவமைப்பது என் தொழில். சொந்த ஊர் மகாராஜபுரம். ஐயா பட்டாளத்தில் இருந்தவர், அண்ணன் போலீஸ். "வீட்டுல ரெண்டு பேரு துப்பாக்கி புடிச்சாக, இவன் போனப் புடிச்சுக்கிட்டு அலையுதான்" என்று வருகிறவர்களிடமெல்லாம் அம்மா சொல்வாள். கல்லூரியில் பழக்கமானவன் ஸ்ரீவில்லிபுத்தூர் காதர். அவன் படம் வரைவான், நான் புரோகிராம் எழுதுவேன். படிப்பு முடிந்ததும் ராஜபாளையத்தில் ஒரு பாத்திரக்கடை மாடியில் அறை பிடித்து, இரண்டு நாற்காலி, ஒரு ஸ்டூலோடு கம்பெனி தொடங்கினோம். காலையில் நான் ஊரிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து சேரும்போது பேருந்து நிலையத்தில் கூட்டம் நெரியும். காதர் முன்னாடியே வந்து நிற்பான். ராஜபாளையம் பேருந்து உள்ளே திரும்பி நிற்பதற்குள் அவன் தோளில் கிடந்த கட்டம் போட்ட துண்டு ஜன்னல் வழியாகப் பறந்து ஓர் இருக்கையில் விழுந்திருக்கும். குறி தப்பி நான் பார்த்ததில்லை.

நம்மூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். துண்டு கிடக்கிற இருக்கையில் யாரும் உட்கார மாட்டார்கள். விவரம் தெரியாமல் உட்காரப் போனால், பக்கத்து இருக்கைக்காரரே "ஆள் வருது" என்று தடுத்துவிடுவார். அந்த ஆளை அவர் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார். ஒரு முழம் துணியை நம்பி, நெருக்கியடித்து நிற்கிற அத்தனை பேரும் ஓர் இடத்தை விட்டுவைப்பார்கள். எங்கள் முதல் மூன்று விளையாட்டுகளும் அப்படிப் பிடித்த இருக்கைகளில் உருவானவைதான். வலது பக்கம் மலை கூடவே வரும். காதர் நோட்டில் கிறுக்குவான். பேருந்து குலுங்கியதில் கோணலாக வந்த ஒரு குரங்குதான் எங்களுக்குக் கொஞ்சம் பெயர் வாங்கித் தந்தது.

அந்தக் குரங்கைப் பார்த்துத்தான் ஹெல்சிங்கியில் ஒரு கம்பெனி என்னை வேலைக்குக் கூப்பிட்டது. காதருக்கு அவன் அத்தாவின் துணிக்கடை இருந்தது, விட்டுவிட்டு வர முடியாது. "நீ போய்ட்டு வாலே. ஒன் எடத்துல துண்டு கெடக்கும்" என்றான். விளையாட்டுக்குச் சொல்கிறான் என்றுதான் நினைத்தேன். முதல் வீடியோ அழைப்பில் பார்த்தால், அவனுக்குப் பின்னால் என் நாற்காலியில் அந்தக் கட்டம் போட்ட துண்டு கிடந்தது. அதன் பிறகு எப்போது பேசினாலும் என் கண் முதலில் அங்கேதான் போகும். அடுத்த பங்குனிக்கு வாரேன், அடுத்த பங்குனிக்கு வாரேன் என்று சொல்லிக்கொண்டே, இங்கே சொந்தமாக ஒரு ஸ்டுடியோவும் தொடங்கிவிட்டேன். இப்போது நாலு பேர் என்னை நம்பி வேலை செய்கிறார்கள்.

சென்ற குளிர்காலத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்தையே ஒரு விளையாட்டாக்கினேன். ஆடுகிறவர் துண்டு போட்டு நண்பனுக்கு இடம் பிடிக்க வேண்டும், மற்றவர்களின் துண்டுக்கு மதிப்புக் கொடுக்க வேண்டும். சோதித்துப் பார்க்க உள்ளூர்க்காரர்களை உட்கார வைத்தோம். ஒருவர் தவறாமல் எல்லோரும் செய்த காரியம், இருக்கையில் கிடந்த துண்டை எடுத்துக்கொண்டு போய்க் கண்டக்டரிடம் ஒப்படைத்ததுதான். யாரோ தொலைத்துவிட்டார்கள், பாவம் என்றார்கள். ரோட்டில் விழுந்த கையுறையைக்கூட, உரியவர் கண்ணில் படட்டும் என்று மரக்கிளையில் மாட்டிவிட்டுப் போகிற ஜனங்கள். அவர்களை எப்படிக் கோபிப்பது? என்னோடு வேலை செய்யும் ஐனோவுக்கு வழக்கத்தை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எவ்வளவு நேரம் அந்த இடத்தை வைத்திருப்பார்கள்?" என்றாள். அவன் வரும் வரைக்கும் என்றேன். "வராவிட்டால்?" வருவான் என்றேன். "அது நம்பிக்கை. எனக்கு விதி வேண்டும்" என்றாள்.

அவள் கேட்டது நியாயம். கம்ப்யூட்டரிடம் 'வருவான்' என்று எழுதிக் கொடுக்க முடியாது. துண்டு போடுவதில் காதரை மிஞ்ச ஆள் இல்லை என்பதால் அவனையே அழைத்துக் கேட்டேன்.

"இதெல்லாம் ஒரு கேள்வியாலே? வண்டி எடுக்குத வரைக்குந்தான். பொறவு யாரு ஒக்காந்தாலும் ஒண்ணுஞ் சொல்ல முடியாது" என்றான்.

சொல்லிவிட்டு அவன் திரும்பிப் பார்த்தான். பின்னால் என் நாற்காலி தெரிந்தது.

"நானே ஒங்கிட்டப் பேசணும்னு இருந்தேன்" என்று மெல்ல ஆரம்பித்தான். "சேத்தூர்ல இருந்து செல்வின்னு ஒரு பிள்ள வேலைக்கு வருது. ஒன்ன மாரியே நல்லா எழுதுது. நாள் முச்சூடும் ஸ்டூல்லயே ஒக்காந்துருக்கு. சேர்ல ஒக்காரும்மான்னா, ஆள் வருதுல்ல அண்ணேங்குது."

பார்த்தே இராத ஒரு பெண் எனக்காக முதுகு வலிக்க ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறாள். நானோ இங்கே ஸ்டுடியோவுக்குப் புது வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறேன். அந்த ஒரு நாற்காலி இருக்கிற வரைக்கும் நான் ஊரை விட்டு வந்தவன் இல்லை, கொஞ்ச நேரம் வெளியே போயிருக்கிறவன் என்று இத்தனை காலமும் என்னைத் தேற்றிக்கொண்டிருந்தேன்.

"ஒக்காரச் சொல்லுலே" என்றேன்.

காதர் எழுந்து போய்த் துண்டை எடுத்து, உதறி, தன் தோளில் போட்டுக்கொண்டான். "இது எங்கிட்டயே கெடக்கட்டும்" என்றான். அவன் முகத்தைச் சரியாகப் பார்க்க முடியவில்லை, என் கண்தான் காரணம்.

விளையாட்டில் அந்த விதியைச் சேர்த்தோம். வண்டி கிளம்பும் வரை இடம் உண்டு, கிளம்பிவிட்டால் இல்லை. அடுத்த சோதனையில் எல்லோரும் சரியாக ஆடினார்கள். ஐனோவுக்கு ஒரே சந்தோஷம்.

அன்று மாலை டிராமில் வீட்டுக்குத் திரும்பினேன். கழற்றிய மஃப்ளரைப் பக்கத்து இருக்கையில் வைத்திருந்தேன். அதிசயமாக அன்றைக்கு ஒரு பெரியவர் அருகில் வந்து, "வபா?" என்றார். காலியா என்று கேட்கிறார். இத்தனை குளிர்காலமாக யாராவது கேட்க மாட்டார்களா என்று நான் காத்திருந்த கேள்வி.

"ஆள் வருது" என்றது என் வாய், தமிழில்.

அவருக்கு என்ன புரிந்ததோ, தலையை ஆட்டிவிட்டுக் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டார். டிராம் எப்போதோ கிளம்பி நிறுத்தங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. விதியை எழுதியவனே நான்தான். மஃப்ளரை எடுக்கத்தான் மனம் வரவில்லை.