புளிய விளார்

அப்பாவின் இடது கால் சிமெண்டுத் தரையில் இழுபடும் சத்தம் கேட்டால் எனக்கு ராணியின் குளம்புதான் ஞாபகத்துக்கு வருகிறது.

ராணி எங்கள் வீட்டில் வளர்ந்த குதிரைக்குட்டி. அப்போது ஜவ்வாது மலை அடிவாரத்தில் இருந்தோம். ஆலங்காயம் பக்கத்துக் கல்யாண ஊர்வலங்களில் மேளத்துக்கு ஆடும் குதிரைகளை அப்பாதான் பழக்குவார். கையில் ஒரு புளிய விளார் இருக்கும். அதை ராணியின் முழங்காலில் பட்டும் படாமலும் வைத்துவிட்டுக் காத்திருப்பார். காலைத் தூக்கினால் ஒரு துண்டு வெல்லம். தூக்காவிட்டால் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம். நின்ற இடத்திலேயே கால் மாற்றி ஆட அதற்கு இரண்டு மாதம் ஆனது.

"இன்னா அவசரம்? மெதுவா வரும்மா" என்று அதன் கழுத்தைத் தடவுவார்.

பிறகு நான் ஏழாம் வாய்ப்பாடு ஒப்பிக்க வேண்டும். ஏழெட்டு ஐம்பத்தாறில் தடுக்குவேன். அதே விளார் என் கெண்டைக்காலில் இறங்கும்.

"குதிரயே கத்துக்குது. உனுக்கு இன்னாடா கேடு?"

அவர் விரல்களில் அப்போதும் வெல்ல வாசனை அடிக்கும்.

போன மாதம் பக்கவாதம் வந்து அவருக்கு இடப்பக்கம் விழுந்துவிட்டது. நடை பழக்க வரும் பெண், "சின்னக் குச்சியால கால லேசா தொட்டுக் காட்டுங்க சார். அவசரப்படுத்தாதீங்க" என்றாள்.

வெளியே போய் ஒரு புளிய விளாரை ஒடித்து வந்தேன். அதைப் பார்த்ததும் அப்பா சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

"அடிக்காதடா."

"இல்லப்பா, தொடத்தான்" என்றேன்.

எப்படித் தொடுவது என்று எனக்குத் தெரியும். எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன். ஆனால் என் கை விளாரை அடிக்கிற பிடியில்தான் பிடித்திருந்தது.