காலியாகும் பெட்டி

மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டு, லாரி கழுவி, பதினொரு லாரிக்கு முதலாளியான மீசைக்காரர், லாரிகளைவிட ஷெட் வாசலில் இருந்த ஆணுறைப் பெட்டியைப் பற்றித்தான் அதிகம் பீற்றிக்கொள்வார். வாராவாரம் அது காலியாகும். "என் டிரைவருங்க சொன்னா கேப்பானுங்க" என்பார்.

இலவச ஆணுறைத் திட்டத்தால் பலன் உண்டா என்று பார்க்க, டிரைவர்களின் ரத்தப் பரிசோதனை முடிவுகளோடு அரசு ஆஸ்பத்திரி நர்ஸம்மா வந்தார்.

"இருபத்திரண்டு டிரைவர்ல ஆறு பேருக்குப் பால்வினை நோய் இருக்குங்கய்யா. போன வருஷம் ரெண்டே பேருதான்."

மீசைக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "யார் யாரும்மா? என் மாப்பிள்ளையும் வண்டி ஓட்டுறாரு."

"பேரு சொல்லக் கூடாதுங்கய்யா."

"அப்ப பெட்டி எப்படிக் காலியாவுது?"

பக்கத்தில் நின்ற ஷெட் எலக்ட்ரீஷியன் தலையைச் சொறிந்தான். "நான்தான் எடுத்தேன் மொதலாளி. பின்லைட் ஒயர் ஜாயின்ட்ல அதை மாட்டிக் கட்டினா மழைத்தண்ணி எறங்காது. நம்ம வண்டில பின்லைட்டே போறதில்லன்னு நீங்கதானே ஊரெல்லாம் சொன்னீங்க?"

சொன்னதுதான். மகளும் மாப்பிள்ளையும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதை மட்டும், ஊரெல்லாம் பேசிய அந்த வாயால் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், செல்போனில் மகள் நம்பரை எடுப்பதும் அணைப்பதுமாக இருந்தார் அவர்.