குகைக் கோயில் வாசலில் கிடைத்த உதவி

சென்ற ஆண்டு நானும் கணவரும் விருத்தாசலத்திலிருந்து ஏற்காடு போயிருந்தோம். கட்டாயம் பார்க்க வேண்டிய எட்டு இடங்களையும் ஒரே நாளில் முடித்துவிடும் வேகத்தில், "சாப்பாட்டை அப்புறம் பார்த்துக்கலாம்" என்று அவரை இழுத்துக்கொண்டு ஓடினேன். காலையில் அவர் இன்சுலின் போட்டிருந்தது என் நினைவிலேயே இல்லை.

சேர்வராயன் குகைக் கோயிலில் குனிந்து சென்று சாமி கும்பிட்டு வெளியே வந்ததும் அவருக்கு வியர்த்துக் கொட்டியது. கை நடுங்க, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை.

வாசலில் தேங்காய், பழம் விற்றுக்கொண்டிருந்த பெண் ஓடி வந்தார்.

"ஏனுங்க, அய்யாவுக்குச் சக்கரை நோவுங்களா? சாப்பிட்டாருங்களா?"

"இல்லைங்க" என்றேன் அழுதுகொண்டே.

"பயப்படாதீங்க. எங்க ஊட்டுக்காரருக்கும் இப்படித்தானுங்க வரும்."

பக்கத்து டீக்கடையில் சர்க்கரை வாங்கித் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தார். கணவர் மெல்லக் குடித்தார். கால் மணி நேரத்தில் முகம் தெளிந்தது. பிறகு அந்தப் பெண் தனக்கென்று வைத்திருந்த தயிர் சோற்றையும் அவருக்குக் கொடுத்துவிட்டார்.

"கோயிலு எத்தனையோ காலமா இங்கதானுங்க இருக்குது. மொதல்ல அய்யாவப் பாருங்க" என்றார் என்னிடம்.

இப்போதெல்லாம் வெளியூர் கிளம்பினால், கணவர் சாப்பிடும் நேரத்தை முடிவு செய்த பிறகே மற்றதைத் திட்டமிடுகிறேன். கைப்பையில் சர்க்கரைப் பொட்டலம் எப்போதும் இருக்கிறது. பதற்றத்தில் அந்தச் சகோதரியின் பெயரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன். அன்று அவர் மதியம் என்ன சாப்பிட்டாரோ என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.