ராகுகாலமும் பப்ளிஷ் பட்டனும்

போன புதன்கிழமை காலை ஒன்பது மணியிலிருந்து பகல் இரண்டு மணி வரை ஒரேயொரு இணையப் பக்கத்தோடு மல்லுக்கட்டினேன். ஐந்து மணித்தியாலம். பால் விடாமல் மூன்று பிளேன்ரீ குடித்தேன். மூக்குக்கண்ணாடியைப் பதினொரு தடவை துடைத்திருக்கிறேன்.

ஓய்வூதியம் எடுத்த பிறகு நான் பிறருடைய இணையத்தளங்களைப் புதுப்பித்துக் கொடுப்பது உங்களுக்குத் தெரியும். இந்த வலைப்பதிவில் போதுமான அளவு புலம்பியிருக்கிறேன். வாடிக்கையாளர்கள் நாலு பேர். நாலு பேருக்கும் நாலு விதமான சிஸ்டம். ஒன்றில் இடது பக்கம் இருக்கும் பட்டன் மற்றதில் வலது பக்கம்... ஒன்றைப் பழகி முடிப்பதற்குள் மற்றது மறந்துவிடுகிறது. என் வயதில் எத்தனை பாஸ்வேர்டைத்தான் மண்டைக்குள் வைத்திருப்பது?

இந்தத் தடவை அகப்பட்டது மங்களம் அம்மாவின் தளம். கிழக்குக் கரையிலுள்ள கல்லடியில், வாவியைப் பார்த்தபடி நாலு அறைகளோடு ஒரு விடுதி நடத்துகிறார். சுனாமிக்குப் பிறகு தொண்டு நிறுவனக்காரர்கள் வந்து தங்கினார்கள். அவர்கள் இணையத்தைப் பார்த்து வரவில்லை. வாகனத்தில் வந்தார்கள், கதவைத் தட்டினார்கள். யுத்தம் முடிந்து ஐந்து மாதம். அவர்களும் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். நாலு அறையும் வெறுமை.

செவ்வாய்க்கிழமை கொழும்பிலிருந்து ஒரு பயண முகவர் தொலைபேசியில் அழைத்திருக்கிறார். கிழக்குக்கு வரும் வெளிநாட்டாருக்காக விடுதிகளின் பட்டியல் ஒன்று அச்சடிக்கிறார்களாம்.

“அம்மா, உங்கட வெப்சைட்டில மூடியிருக்கு எண்டு போட்டிருக்கே?”

“திறந்துதான் தம்பி இரிக்கு. நான் உள்ளுக்கு நிண்டுதானே கதைக்கிறன்!”

“வாறவங்க வெப்சைட்டைத்தானே பார்ப்பாங்க அம்மா. நாளைக்கு ரெண்டு மணிக்குத் திருப்பிப் பார்க்கிறன். மூடி எண்டே இருந்தா உங்கட பேரைப் போட ஏலாது.”

மறுநாள் காலை விடுதிக்கே போய்த் தளத்தைத் திறந்து பார்த்தேன். உண்மைதான். ‘சுனாமி அனர்த்தம் காரணமாக மறு அறிவித்தல் வரை மூடப்பட்டுள்ளது.’ ஏறத்தாழ ஐந்து வருடமாக அந்த அறிவித்தல் அப்படியே நிற்கிறது. ஏன் ஒருவரும் மாற்றவில்லை என்று மங்களம் அம்மாவிடம் கேட்டேன்.

“ஆரு சேர் பார்த்த? பாலத்தில ஆமி செக்கிங். வாறத்துக்கும் ஆளில்ல. அது பாட்டில கிடந்திச்சு.”

தளத்தை உருவாக்கியவர் கனடாவில் இருக்கும் அவருடைய மருமகன். பாஸ்வேர்டையும் பதினான்கு பக்க வழிகாட்டி ஒன்றையும் அனுப்பியிருந்தார். பதினான்கையும் வாசித்தேன். ‘அறிவித்தல்’ என்று ஒரு சொல் எங்கேயும் இல்லை.

உள்ளே போனால் இடது ஓரத்தில் பதினேழு மெனு. முதலாவதில் தேடினேன். இல்லை. நாலாவதில் எதையோ அழுத்த, வாவியின் படம் தலைகீழாக நின்றது. அதை நிமிர்த்த இருபது நிமிடம். கடைசியில் அந்த அறிவித்தல் ஒன்பதாவது மெனுவில், ஒரு பெட்டிக்குள் இருந்த இன்னொரு பெட்டிக்குள் கிடந்தது. யார் இப்படி ஒளித்து வைப்பது?

பழையதை அழித்துவிட்டுப் புதிதாக எழுதத் தொடங்கினேன். சும்மா எழுதுவேனா? முப்பத்திரண்டு வருடம் அரசாங்கக் கந்தோரில் அறிக்கை எழுதிய கை. கடல் எத்தனை அடி உயரத்தில் வந்தது, எந்தச் சுவர் மிஞ்சியது, எப்போது கூரை போட்டது, யுத்தத்தில் எத்தனை தடவை வீட்டைப் பூட்டிவிட்டு ஓடியது — எல்லாம். ஆங்கிலத்தில் நானூற்றுப் பன்னிரண்டு சொல். எண்ணிப் பார்த்தேன்.

முடித்தபோது பன்னிரண்டு ஐந்து. பப்ளிஷ் பட்டனில் விரலை வைக்கப் போனேன்.

“ஐயோ சேர், கையை எடுங்க! ராகுகாலம் துடங்கிட்டு.”

புதன்கிழமை. பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை. மங்களம் அம்மா நாள்காட்டியைக் கையிலேயே வைத்திருந்தார்.

“அம்மா, சுனாமி வந்தது ஞாயிறு காலையில. அப்ப ராகுகாலமே இல்லை” என்றேன்.

“அதான் சேர். நல்ல நேரத்திலயே கடல் அவ்வளவு செய்தது. கெட்ட நேரத்தில தொட்டா விடுமா?”

படித்தவன் என்று பெயர். ஆனால் விரலை எடுத்துக்கொண்டேன். இருவரும் திரையைப் பார்த்தபடி இருந்தோம். மீன் குழம்பு போட்டுச் சோறு தந்தார். சாப்பிட்டேன். மணிக்கூட்டை ஒன்பது தடவை பார்த்தேன்.

ஒன்று முப்பத்தொன்று. சாமிப்படத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, “இப்ப அமத்துங்க” என்றார். அழுத்தினேன்.

திரை வெளுத்தது. பிறகு ஒரு வாசகம் — நீண்ட நேரம் எதுவும் செய்யாதபடியால், பாதுகாப்பின் பொருட்டு நீங்கள் வெளியேற்றப்பட்டுள்ளீர்கள்.

பாஸ்வேர்டைப் போட்டு மீண்டும் உள்ளே போனேன். ஒன்பதாவது மெனு, பெட்டிக்குள் பெட்டி. நானூற்றுப் பன்னிரண்டில் ஒரு சொல்கூட மிஞ்சவில்லை. ‘மறு அறிவித்தல் வரை மூடப்பட்டுள்ளது’ மட்டும் முன்போலவே நின்றது. எல்லாவற்றையும் எண்ணுகிறவன் ஒரு பிரதி எடுத்து வைக்கவில்லை. காகிதத்தில் எழுதியிருந்தால் இது நடந்திருக்குமா?

“மறுகா எழுத ஏலாதா சேர்?”

“ஏலும். ஒண்டரை மணித்தியாலம் வேணும்.”

அப்போது மணி ஒன்று முப்பத்தெட்டு. மங்களம் அம்மா மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு கதிரையை இழுத்து என் பக்கத்தில் இருந்தார்.

“சேர், திறந்திரிக்கம் எண்டு போடுங்க. நாலு அறை. கட்டில் நல்லம். மீன் கறி இரிக்கு. வாங்க. இவ்வளவும் காணும்.”

அவர் போதுமென்றதை மட்டும் போட்டேன். பதினொரு ஆங்கிலச் சொல். ஒன்று நாற்பத்தொன்பதுக்கு இணையப் பக்கம் வெளியானது.

இரண்டு பத்துக்குத் தொலைபேசி அடித்தது. “அம்மா, பார்த்தன். உங்கட பேர் பட்டியல்ல இருக்கு” என்று முகவர் சொன்ன சத்தம் எனக்கும் கேட்டது. மங்களம் அம்மா தொலைபேசியை வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

யோசித்துப் பார்க்கிறேன். நான் எழுதிய நானூற்றுப் பன்னிரண்டில் ‘திறந்திருக்கிறோம்’ என்பது ஆறாவது பந்தியில்தான் வந்தது. அதுவரைக்கும் விளக்கம். நாங்கள் எல்லாருமே இப்படி ஆகிவிட்டோமோ? யாராவது சுகமா என்று கேட்டால், சுகம் என்று சொல்வதற்கு முன் எத்தனை வருடத்துக் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது...

ஆனாலும் மனம் ஆறவில்லை. “அந்தக் கதையெல்லாம் விடுபட்டுப் போச்சே அம்மா. நாளைக்கு வந்து திருப்பி எழுதித் தாறன்” என்றேன்.

“வேணாம் சேர். வாறவங்க கேட்டா நான் சொல்லுவன்தானே.”

“கேக்காட்டி?”

“கேக்காட்டி, சாப்பிட்டுட்டு நல்லா நித்திரை கொள்ளட்டும்.”